ஹாரனைத் தின்ற ஏசி

சனிக்கிழமை காலை மூன்றாவது வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது காரின் ஏசி கையை விரித்துவிட்டது. அதுவரை ஜில்லென்று வந்த காற்று திடீரென்று அடுப்படிக் காற்றுபோல் முகத்தில் அடித்தது. ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண் ஏற்கெனவே பயத்தில் நனைந்திருந்தாள். இப்போது ஸ்டியரிங்கே அவள் கையில் வழுக்கியது.

பக்கத்து இருக்கையில், தனக்கென்று பொருத்திய தனி பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி உட்கார்ந்திருந்தவளை அந்த வட்டாரம் கிளட்ச் டீச்சர் என்றுதான் கூப்பிடும். பதினான்கு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். "கிளட்ச்சு! ஐயோ, கிளட்ச்சு!" என்று அவள் போடும் கூச்சல் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். தன் வண்டியின் ஒவ்வொரு முனகலும் அவளுக்கு அத்துப்படி. ஏசி பொத்தானை அழுத்தினால் எஞ்சின் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். வண்டி ஒரு நொடி மூச்சைப் பிடித்து விடும். இன்று மூன்று முறை அழுத்திப் பார்த்தாள். டிக்கும் இல்லை, மூச்சும் இல்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் விஷயத்தைச் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அவள் கணவர் மருந்துக்கடைக்காரர். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை முழுதாகப் படிக்கும் ஒரே மனிதர். எதையும் படித்தால் செய்துவிடலாம் என்பது அவர் கட்சி. விடுமுறைக்கு வந்திருந்த அவள் தம்பி லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஒயர் உள்ள எதுவும் தனக்குச் சொந்தம் என்பது அவன் கட்சி. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

"கேஸ் லீக்தான். சந்தேகமே வேண்டாம்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அத்தான், நீங்க வாயுத்தொல்லைக்கு மருந்து குடுக்கிறவர். உங்களுக்கு எல்லாமே கேஸாத்தான் தெரியும். இது ஒயரிங்."

"மச்சான், நீ மேலயும் கீழயும் போற டப்பாவைப் பார்க்கிறவன். இது முன்னாடி போற வண்டி."

"ரெண்டுமே இல்ல," என்றாள் அவள். "டிக்னு சத்தம் வரல. அந்த ரிலேவைப் பாருங்க மொதல்ல."

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை பெரியவர்கள் பேச்சில் குறுக்கே வந்தால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"நீ கிளட்ச்சைப் பார்த்துக்கம்மா," என்றார் கணவர்.

"அக்கா, டீ மட்டும் போடு. மிச்சத்தை எங்ககிட்ட விட்டுடு," என்றான் தம்பி.

அதுவரை சண்டை போட்டவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாகச் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. சரி என்று டீ போடப் போனாள். டீயில் சர்க்கரை போடவில்லை. அதை இருவரும் கவனிக்கவும் இல்லை.

மதியத்துக்குள் கார் வாசலில் அறுவைச் சிகிச்சை மேஜையில் கிடப்பதுபோல் கிடந்தது. மருந்துக்கடைக்காரர் ஊசிக்குழாயில் சோப்புத் தண்ணீரை ஏற்றி, குழாய் இணைப்புகளில் சொட்டுச் சொட்டாக விட்டு, குமிழி வருகிறதா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி டாஷ்போர்டின் பாதியைக் கழற்றித் துணியில் பரப்பியிருந்தான். உள்ளே இருந்த காற்று வடிகட்டியை உருவி, அதில் அடைத்திருந்த காய்ந்த இலைகளையும் யாருடையதோ ஒரு கம்மலையும் வெற்றிப் பொருள்போல் தூக்கிக் காட்டினான். கம்மல் கிடைத்தது, காற்று என்னவோ குளிரவில்லை.

"கேஸ் கேன் வாங்கிட்டு வந்துடலாம். நாமளே ஏத்திடலாம்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வாங்குங்க. அப்படியே எனக்கு ரெண்டு மீட்டர் ஒயர்," என்றான் தம்பி. டாஷ்போர்டை மூடியபோது இரண்டு திருகுகள் மிச்சமாயின. அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். புறப்படும் முன் மருந்துக்கடைக்காரர் ஒரு குழாய் மூடியை இறுக்கினார்; தம்பி ஒரு ஒயர் முனையை அழுத்திவிட்டான். ஸ்கூட்டரில் ஏறி, போகும்போதும் வாக்குவாதம் செய்துகொண்டே போனார்கள்.

தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து அவள் பானெட்டைத் திறந்தாள். ஃபியூஸ் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எது எங்கே என்று படம் போட்டிருந்தது. ஏசிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, பாதித் தீப்பெட்டி அளவு கறுப்புக் கட்டி. பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொன்று, ஹாரனுடையது. ஹாரனுடையதைப் பிடுங்கி ஏசி இடத்தில் செருகினாள். எஞ்சினை ஓடவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

டிக்.

கன்னத்தில் ஜில்லென்று காற்று பட்டது. நாலு நிமிட வேலை. செத்த ரிலேவைக் கைப்பையில் போட்டாள். புது ரிலே வாங்கி ஹாரனுக்குப் போட்டுவிட்டால் தீர்ந்தது. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். 'கிளட்ச்சைப் பார்த்துக்கம்மா' என்பது காதில் விழுந்தது. எஞ்சினை அணைத்து, பானெட்டைச் சாத்தி, சமர்த்தாகப் போய்க் காய் நறுக்க உட்கார்ந்தாள்.

அவர்கள் திரும்பி வந்து, கேஸ் கேனைப் பிரிக்கும் முன் ஏசியை ஒருமுறை போட்டுப் பார்க்கலாமென்று பொத்தானை அழுத்தினார்கள். குளிர்காற்று இருவர் முகத்திலும் சமமாக அடித்தது.

"பார்த்தியா! மூடியை இறுக்கினேன், லீக் நின்னுடுச்சு!"

"அத்தான், அந்த முனையை அழுத்தினது யாரு?"

"உன் முனையைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!"

அவள் கத்தியும் கையுமாக வாசலுக்கு வந்தாள். "சரியாயிடுச்சா? யாருங்க சரி பண்ணினது?"

"நான்," என்று இரண்டு குரல்கள் வந்தன. சிரிப்பில் வயிறு குலுங்கியதை அவள் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

வெற்றியைத் தெருவுக்கு அறிவிக்கத் தம்பி ஸ்டியரிங்கின் நடுவில் ஓங்கி ஒரு குத்து விட்டான். சத்தம் வரவில்லை. இன்னொரு குத்து. ஊமை.

"மச்சான், ஹாரனை என்னடா பண்ணின?"

"நானா? நீங்கதான் ஊசியால சோப்புத் தண்ணியை அபிஷேகம் பண்ணினீங்க! உள்ள போயிருக்கும்!"

"அந்த ரெண்டு திருகு எங்கேயிருந்து வந்துச்சுன்னு மொதல்ல சொல்லு!"

தம்பியின் கை பானெட்டை நோக்கி நகர்ந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே ஒரு குழி காலியாகக் கிடக்கிறதே! "போதும், மொதல்ல கையைக் கழுவுங்க, சாப்பாடு ஆறுது. நான் போய்த் தயிர் வாங்கிட்டு வந்துடுறேன்," என்று இருவரையும் உள்ளே தள்ளினாள். தெருமுனையில் தயிருக்கு முன்னால் உதிரிபாகக் கடை வந்தது. புது ரிலேவை வாங்கி, திரும்பி வந்ததும் வாசலிலேயே ஓசைப்படாமல் பானெட்டைத் தூக்கிச் செருகினாள்.

சாப்பிட்டு வந்து தம்பி குத்தியபோது ஹாரன் ஊரைக் கூட்டியது.

"தானா சரியாயிடுச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"தானா சரியாகிற ஒயரை நான் இன்னும் பார்க்கல அத்தான்," என்று தம்பி தாடையைச் சொறிந்தான். அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தான். வாசற்படியில் நின்ற அவள் மிச்சத் தயிரை வேறு கிண்ணத்துக்கு மாற்றுவதில் மும்முரமாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மருந்துக்கடைக்காரர், "தலைவலி மாத்திரை உன் பையில இருக்கா?" என்று கேட்டபடி அவள் கைப்பையைத் துழாவினார். சொந்தமாக மருந்துக்கடை வைத்திருப்பவர் மனைவியின் பையில் மாத்திரை தேடினால் அவள் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மதியம், "நீ தூங்கு, வண்டியை நாங்க கழுவுறோம்," என்று இருவரும் ஒன்றாக வந்து சொன்னபோதாவது யோசித்திருக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் எந்த வண்டியிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதில்லை. அவளோ, பாவம் குற்ற உணர்ச்சிபோல என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பல் டாக்டர் வந்தார். ஊரில் உள்ளவர்களை எல்லாம் நாற்காலியில் சாய்த்து நடுங்க வைப்பவர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் தானே நடுங்குவார். காலி மைதானத்தில் முதல் திருப்பத்திலேயே வேலியைப் பார்த்து நேராகப் போனார். அவள் தன் பிரேக்கை மிதித்தாள்.

'பாஆஆம்!'

டாக்டர் துள்ளி விழுந்தார். "சாரி டீச்சர், கை பட்டுடுச்சு!"

"பரவாயில்ல, போங்க."

அடுத்த திருப்பத்தில் மறுபடி மிதித்தாள். 'பாஆம்!' கை படக்கூடாதென்று டாக்டர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கிவிட்டார். வண்டி தன் இஷ்டத்துக்கு ஓட, அவள் பதறிப்போய் முழுப் பலத்தோடு மிதித்தாள். வண்டி நின்றது. காலை எடுக்கப் பயந்து அவள் மிதித்தபடியே இருக்க, ஹாரன் நிற்காமல் அலறியது. மைதானத்துக் காவல்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஓடி வந்தார்.

"நான் தொடவே இல்ல டீச்சர்! பாருங்க, தொடவே இல்ல!" என்று கத்தினார் டாக்டர், கைகளை இறக்காமல்.

அவள் எஞ்சினை அணைக்கச் சொல்லி, குனிந்து காலடியில் துழாவினாள். பிரேக் தண்டில் அழகாகக் கட்டிய ஒரு குட்டி சுவிட்ச். அதிலிருந்து கம்பளத்துக்கு அடியில் ஓடும் ஒயர். சனிக்கிழமை வாங்கிய அந்த இரண்டு மீட்டர்தான். பக்கத்தில் ரப்பர் பேண்டில் ஒரு சின்ன மாத்திரைக் கவர் தொங்கியது. உள்ளே செத்த ரிலே. கவரின் மேல் கணவரின் கையெழுத்து: 'காலை 1, மாலை 1. உணவுக்கு முன்.'

முதலில் கோபம்தான் வந்தது. அது தொண்டைக்கு ஏறுவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. கண்ணில் நீர் வர, டாஷ்போர்டில் தலையை வைத்துச் சிரித்தாள். பல் டாக்டர் கைகளை மெதுவாக இறக்கி, "நான் அவ்வளவு மோசமாவா ஓட்டினேன்?" என்று கேட்டார்.

ஒயரைக் கழற்றிவிட்டு வகுப்பை முடித்தாள். வீட்டுத் தெரு வருவதற்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, ஒயரை மறுபடி பழையபடியே மாட்டினாள்.

வாசலில் இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் காத்திருந்தார்கள். கடையைத் திறக்கும் நேரம் தாண்டியும் மருந்துக்கடைக்காரர் நகரவில்லை.

"வகுப்பு எப்படிப் போச்சு?" என்று கேட்டார், செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி.

"நல்லா போச்சுங்க. ஏசி சும்மா ஜில்லுனு இருந்துச்சு."

"வேற ஒண்ணும் இல்லையா அக்கா?" தம்பி பாதி எழுந்துவிட்டான்.

"வேற என்னடா இருக்கணும்?"

சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ ஒழுங்கா முடுக்கலடா."

"அத்தான், லிஃப்ட்டுல பதினேழு மாடி ஏறி ஒயர் கட்டுறவன் நான்! நீங்க கவரைத் தொங்கவிட்டதுல இழுத்திருக்கும்!"

சண்டை முற்றி, இருவரும் காருக்குள் தலையை விட்டார்கள். தம்பி சுவிட்சை ஆட்டிப் பார்த்தான். மருந்துக்கடைக்காரர் அவனை ஒதுக்கித் தள்ளி, தன் கையால் பிரேக்கை அழுத்தினார்.

ஹாரன் தெருவையே உலுக்கியது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பதறி எழுந்த மருந்துக்கடைக்காரர் கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

"ஏங்க," என்று அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "தலைவலி மாத்திரை வேணுமா? என் பையில இருக்கு!"