சாவிக்கொத்தின் சத்தம்

டயர் கடைக்குக் கீழே இருக்கும் அந்த நிலவறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கடை மூடிய பிறகு பக்கத்து இரும்புக் கதவைத் திறந்து பதினாறு படி இறங்கினால், இருநூறு பேர் வியர்வையில் ஊறிக்கொண்டு நிற்பார்கள். ரேடியோவில் வராத பாட்டெல்லாம் அங்கேதான். மூலையில் சவுண்டு மேசை. அதன் பின்னால் பதினான்கு வருடமாக ஒரே ஆள். பாம்புச்செவி என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். அத்தனை இரைச்சலுக்கு நடுவே கிடாரில் ஒரே ஒரு கம்பி இறங்கியிருப்பதைச் சொல்லிவிடுவான்.

அந்தக் காதுதான் போய்விட்டது. முழுச் செவிடு இல்லை. பேச்சு கேட்கும், டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கும். உச்சத்தில் கீச்சென்று வரும் சத்தங்கள் மட்டும் சுத்தமாக இல்லை. "பதினாலு வருஷம் அந்தக் குழிக்குள்ள நின்னா வேற என்ன ஆகும்? போனது போனதுதான், இருக்கறதையாவது காப்பாத்திக்கங்க" என்று காது டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனாலும் மறைத்தான். காது நன்றாக இருந்த காலத்தில் மேசையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு திருகுக்கும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். அந்தக் கோட்டைத் தாண்டாதவரை குட்டு வெளிப்படாது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாட்டு தொடங்கும் முன் அவன் தங்கை மேடையேறி, இருவரும் குடியிருக்கும் வீட்டின் சாவிக்கொத்தை மைக் முன்னால் குலுக்குவாள். அந்தக் கிணுகிணுப்பு தெளிவாகக் கேட்டால் உச்ச ஒலி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவன் கட்டைவிரலைத் தூக்குவான். மூன்று மாதமாக அவள் கை ஆடுவதை மட்டும் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

பாடுகிறவளும் தங்கைதான். பகலெல்லாம் சலவைக்கடையில் இஸ்திரி போடுவாள், ராத்திரி இங்கே பாடுவாள். அன்றைக்கு அவள் பாட்டைக் கேட்க ஓர் இசை நிறுவனத்து அம்மாள் வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் பதிவு செய்து வெளியிடுவார்கள். ஒன்பது வருடத்தில் முதல் வாய்ப்பு.

"அண்ணா, கொஞ்ச நாளா நீ ஒரு மாதிரியா இருக்க. இன்னைக்கு மட்டும் டிரம்ஸ்காரரோட ஃப்ரெண்டை மேசையில நிக்க வைக்கலாமா?" என்று சாயங்காலமே கேட்டாள்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? உன் பாட்டுல இன்னொருத்தன் கை வைக்கறதா? போடி, போய்த் தொண்டையைப் பாத்துக்க."

அவள் மேடைப் பக்கம் போனாள். நேரம் வந்ததும் சாவியைக் குலுக்கினாள். அவன் கட்டைவிரலைத் தூக்கினான்.

நான்கு பாட்டு நன்றாகவே போயிற்று. சுவரோரம் நின்ற அந்த அம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது, அம்மா இறந்த வருடம் தங்கை எழுதிய மெல்லிய பாட்டு. ஒற்றைக் கிடார் மட்டும். போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல அவள் குரல் மங்கலாக வந்தது அவனுக்கு. ஐயோ, ஒரு சொல்கூடத் தெளிவாக விழவில்லையே என்று பதறினான். மற்ற பாட்டென்றால் விட்டிருப்பான். பாழாய்ப்போன பாசம்! உச்ச ஒலித் திருகைக் கோடு தாண்டித் திருகினான். போதவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினான்.

முதல் வரிசையில் கைகள் உயர்ந்தன. பாட்டில் சொக்கிப்போய்த் தூக்குகிறார்கள் என்று நினைத்தான், பாவி. ஸ்பீக்கர் மண்டையைப் பிளக்கிற மாதிரி வீறிட்டுக்கொண்டிருந்தது. தங்கை ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் சிரித்துக் கட்டைவிரலைத் தூக்கினான்.

அவள் பாட்டை நிறுத்திவிட்டாள். அப்போதுதான் கூட்டமே காதைப் பொத்தி நிற்பது புரிந்தது. திருகை அவசரமாக இறக்கினான். அந்த அம்மாள் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தார்.

நிலவறைக்காரர் மேடைக்கு ஓடிவந்தார். "யார் பண்ண வேலை இது?"

"நான்தான் சார். மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போயிட்டேன், அதான் கத்திடுச்சு" என்றாள் தங்கை.

"ஒன்பது வருஷமா பாடற, இதுகூடத் தெரியாதா? அந்தம்மாவை இங்க வரவைக்க எத்தனை பேர் கால்ல விழுந்தேன் தெரியுமா? இனிமே இந்தப் படியில கால் வைக்காத!"

கூப்பிடு தூரத்தில்தான் அண்ணன் நின்றான். அவ்வளவும் கேட்டது. நான்தான் என்று ஒரு வார்த்தை! வாயில் கொழுக்கட்டையா இருந்தது? பயம். இந்த மேசையும் போய்விட்டால் தனக்கு வேறு கதி இல்லை என்கிற பயம். குனிந்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

எல்லோரும் போனபின் யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினான். தங்கை. அவன் காதோரத்தில் அவள் கை சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ. பழக்கதோஷத்தில் அவன் கட்டைவிரல் பாதி உயர்ந்துவிட்டது.

"சாயங்காலம் கேட்டேனே அண்ணா" என்றாள்.

சாவிக்கொத்தை அவன் கையில் வைத்துவிட்டுப் படியேறிப் போனாள். வீட்டுக்கு இருந்ததே அந்த ஒரு சாவிக்கொத்துதான்.