ஊரெல்லாம் சொல்லும் பேர்

ஊரே அந்தப் பேரைச் சொன்னது. தேர்தல் முடிந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது, கொசப்பாளையத்துச் சுவர்களில் ஆள் உயரத்துக்கு நீலத்தில் எழுதிய 'வீரபாகு' இன்னும் அழியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து திட்டுகிறவனும் அந்தப் பேரைத்தான் சொன்னான், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறவனும் அந்தப் பேரைத்தான் சொன்னான். வானொலியில் மாநிலச் செய்தி வாசிக்கிற பெண், அவரை முன்பின் பார்த்திராதவள், "உறுப்பினர் வீரபாகு பட்டு நூல் விலை குறித்துக் கேட்ட கேள்விக்கு" என்று வாய் கூசாமல் வாசித்துவிட்டுப் போனாள். சொல்லாதவள் ஒருத்திதான். அவருடைய மனைவி அபிதகுசாம்பாள்.

கட்டின புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அம்மா அவளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பினாள். பதினாலு வருஷமாக 'ஏங்க', 'இந்தாங்க' என்றே குடித்தனம் ஓடிவிட்டது. யாராவது சூரசம்காரக் கதை கேட்டால்கூட, முருகனுக்கு முன்னால் படை நடத்திப் போகிறவர் வரும் இடத்தில் 'அவரு' என்று சொல்லித் தாண்டிவிடுவாள். பேரைச் சொல்லாமல் இருப்பது அவளுக்குக் குறையாக இருந்ததில்லை. ஆள் பக்கத்தில் இருந்தபோது பேர் எதற்கு? உள்ளே தறியில் அவர் உட்கார்ந்திருப்பார், சமையல்கட்டில் அவள் இருப்பாள், தறிச் சத்தம் நின்றால் காபிக்கு நேரம் என்று அர்த்தம்.

இப்போது அவர் சென்னையில் எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் ஏதோ ஓர் அறையில் இருந்தார். வந்தாலும் வீட்டுக்கு வருவதில்லை, தொகுதிக்கு வந்தார். காலையில் வேலூரில் கலெக்டர், மத்தியானம் ஏதாவது ஊரில் கல்யாணத் தலைமை, சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி திறப்பு. வீட்டுக்கு வந்தால் சட்டை மாற்றத்தான். வாசலில் மனுவோடு நிற்கிறவர்கள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அவர் போய்விடுவார், பழங்கள் அவளிடம் இருக்கும். ஊறுகாய் போட்டுப் போட்டு ஜாடி போதாமல் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். தெருவும் எம்.எல்.ஏ. வீட்டு ஊறுகாய் என்று பெருமையாகத் தொட்டுக்கொண்டது. அவளுக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் பங்கு போட்ட மனுஷனில் தன் பங்குக்கு வந்தது இந்தப் புளிப்புதானா என்று அழுகை வரும்.

போன பொங்கலுக்கு மட்டும் என்ன புண்ணியமோ, டெலிபோன் பழுதாகிக் கிடந்தது. மாட்டுப் பொங்கல், கரிநாள் என்று ஊர்க்காரர்களும் கறிக்குழம்பை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு நாள் அவர் வீட்டிலேயே இருந்தார். அதன் பலன் மாசி முடியும்போது தெரிந்தது. தூரத்து உறவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஏறினாள். அங்கே டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "மூணாவது மாசம் நடக்குதும்மா" என்றபோது, அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இதை அவருக்கு நான்தான் சொல்லணும், முதலில் அவருக்குத்தான் சொல்லணும் என்று மட்டும் நினைத்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. பதினாலு வருஷம் ஊர் அவளைப் பேசாத பேச்சில்லை. சீமந்தத்துக்கு வளையல் போடக் கூப்பிடாமல் விட்டவர்கள் இதே தெருவில்தான் இருந்தார்கள். மாமியார் உயிரோடு இருந்தவரை இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் ஜாதகத்தோடு தறிக்கே போய் நின்றாள். "எனக்கு இவ போதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இழையை ஓட்டினார். அந்த ஆளுக்கு இந்தச் சேதி ஊர் வாய் வழியாகப் போகலாமா?

ஆனால் ரொம்ப நாள் மறைக்க முடியாது. கொழுந்தன் ராஜவேலுவின் சம்சாரம் காசியம்மாளுக்குக் கண் கூர்மை.

"இன்னாக்கா, காலையில காபி வாசனைக்கே குமட்டிகினு ஓடுறே?"

"பித்தம்."

"ஒரு மாசமாவா பித்தம்?" என்றாள் காசியம்மாள்.

வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் சென்னையிலிருந்து டிரங்க் கால் வரும். அந்த மணி நீளமாக அடிக்கும். அடித்து முடிப்பதற்குள் தெரு முழுக்கக் கூடத்துக்குள் வந்துவிடும். ராஜவேலுதான் அண்ணனுக்கு இங்கே எல்லாம், போனையும் அவன்தான் எடுப்பான். ஒருத்தருக்கு மகன் வேலை, ஒருத்தருக்குத் தெரு விளக்கு, ஒருத்தருக்குச் சொசைட்டியில் நூல். மூன்று நிமிஷம் முடியும்போது ராஜவேலு போனை மூடிக்கொண்டு அவளைப் பார்ப்பான்.

"அண்ணி, நீங்க இன்னா சொல்லணும்? ஜல்தி சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

"சாப்ட்டாரான்னு கேளு."

"சாப்ட்டாராம்."

அவ்வளவுதான் அவளுக்கு வந்த பேச்சு. சாப்பிட்டார் என்பதைக்கூட ராஜவேலு வாயால் கேட்க வேண்டியிருந்தது.

அதனால் ஒருநாள் முக்காடு போட்டுக்கொண்டு, தனியாகப் போஸ்டாபீசுக்குப் போனாள். சாதாரணக் கால் போட்டால் ஹாஸ்டல் வாசலில் யாரோ எடுப்பார்கள், அவரைத் தேடி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். ஆள் பேர் சொல்லிப் போட்டால் அவர் வந்து பேசும்போதுதான் கணக்கு ஆரம்பிக்கும். இதெல்லாம் ராஜவேலு பேசக் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள். ஜன்னலில் இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர்.

"எந்த ஆளும்மா? பேரைச் சொல்லுங்க."

"எம்.எல்.ஏ.ங்க."

"அங்க இருக்கறவங்க எல்லாருமே எம்.எல்.ஏ.தாம்மா. பேரு?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சூரசம்காரத்துல முருகருக்கு முன்னாடி போவாரே, அவரு" என்றாள். முருகன் படையின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நெசவாளர் தெருவில் பிறந்து வளர்ந்து, அந்தக் கதை தெரியாதவர் உண்டா என்று நினைக்கிற ஒருத்தி செய்யக்கூடிய தப்பு இது. அந்தப் பேரை நேராகச் சொல்லியிருந்தால்கூடப் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். தஞ்சாவூர்க்காரருக்குப் புரியவில்லை. தலையை வெளியே நீட்டி வரிசையைப் பார்த்து, "முருகனுக்கு முன்னாடி போறவர் யாருங்க? இந்த அம்மா கேக்கறாங்க" என்றார்.

"வீரபாகு!" என்று வரிசை முழுக்க ஒரே குரலில் சொன்னது. பிறகு, "அடடே, எம்.எல்.ஏ. வீட்டம்மா!" என்றது ஒரு குரல். "அம்மா, அண்ணன்கிட்டதான் பேசப் போறீங்களா? எங்க தெரு பைப்பு பத்தி ஒரு வார்த்தை..." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தாள். வந்து, எலுமிச்சம்பழக் கூடையைக் காலால் தள்ளிவிட்டு, வாய்விட்டு அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவிகாபுரம் போகிற வழியில் ஓர் ஓடைப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. சபையில் அவர் விடாமல் கேட்டு வாங்கின பாலம். மழைக்காலத்தில் அந்த ஓடையில் பஸ் நின்று பிரசவ வலி கண்டவர்கள் பட்ட பாட்டை அவர் பேசியது பேப்பரில் வந்தது. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. மறுநாள் சபையில் ஓட்டெடுப்பு, ஒருத்தரும் தவறக் கூடாது என்று கட்சிக் கொறடா உத்தரவு. விழா முடிந்ததும் அப்படியே ஜீப்பில் சென்னை, வீட்டுக்கு வர நேரமில்லை என்று ராஜவேலு சொன்னான். அவள் அன்றைக்குக் காசியம்மாளைக் கூட்டிக்கொண்டு தானே பஸ் ஏறிப் போனாள்.

பெண்கள் பக்கத்தில் நின்று தூரத்திலிருந்து பார்த்தாள். இளைத்திருந்தார். மாலைக்கும் துண்டுகளுக்கும் நடுவே முகம் சின்னதாகத் தெரிந்தது. பேசி முடித்தார், செங்கல்லை எடுத்து வைத்தார், ஜீப்பை நோக்கி நடந்தார். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. இவளும் முண்டிக்கொண்டு போனாள். குறுக்கே ராஜவேலு.

"அண்ணி, கூட்டத்துல ஏன் பேஜார் பண்ணிகினு? என்கிட்ட சொல்லுங்க."

"உன்கிட்ட சொல்றது இல்ல."

அவனைத் தாண்டி, "ஏங்க!" என்று அவரைக் கூப்பிட்டாள். அவளைச் சுற்றி நாலைந்து பெண்கள் அதே மாதிரி 'ஏங்க' என்றுதான் மனுவை நீட்டிக்கொண்டிருந்தார்கள். "அண்ணன் வீரபாகு!" என்று ஒருவன் கத்த, "வாழ்க!" என்று மற்றவர்கள் கத்தினார்கள். அவர் ஒரு காலை ஜீப்பில் வைத்துவிட்டார். இந்த ஜீப் போனால், அடுத்து எப்போதோ. அதற்குள் காசியம்மாள் சொல்லிவிடுவாள், ராஜவேலு போனில் சொல்லிவிடுவான். பதினாலு வருஷம் காத்திருந்த சேதி, 'சாப்ட்டாராம்' மாதிரி போய்ச் சேர்ந்துவிடும்.

"வீரபாகு!"

கூட்டம் கத்திய கத்தலில் அது பத்தோடு பதினொன்றாகத்தான் கலந்தது. யாரும் திரும்பவில்லை. அவர் திரும்பினார். அந்தக் குரலும் அவருக்குத் தெரியும், அந்தப் பேரும் தெரியும். இரண்டும் சேர்ந்து வந்து அவர் கேட்டதே இல்லை.

ஜீப்பிலிருந்து காலை எடுத்தார். கூட்டம் வழி விட்டது. எதிரே வந்து நின்று, "இன்னா சொன்னே?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். சுற்றிலும் அத்தனை காது. அவள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு எட்டி, அத்தனை பேர் பார்க்க, அவர் காதில் சொன்னாள்.

"நான் முழுகாம இருக்கேங்க."

சபையில் மந்திரிகளைக் கேள்வி கேட்கிறவர், தோளில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். டிரைவர் ஹாரன் அடித்தான். போகட்டுமா என்பது போல அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

ஜீப்பின் புழுதி அடங்கிய பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. பேரைச் சொல்லிவிட்டாள். ஆயுசு. செய்யாறு, காஞ்சிபுரம் என்று அந்த ரோடு முழுக்க லாரிகள். அன்று இரவும் மறுநாள் பகலும் சோறு இறங்கவில்லை. அம்மா காலமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். முருகனிடம் கேட்டாள். டெலிபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மணி நீளமாக அடித்தது. தெரு உள்ளே வந்தது. ராஜவேலு எடுத்தான். "அண்ணா, அந்தப் பைப்பு விஷயம்... சரிங்கண்ணா... சரிங்கண்ணா." திகைத்துப்போய் போனை அவளிடம் நீட்டினான். "உங்ககிட்டதான் பேசணுமாம்."

"நல்லா போய்ச் சேந்தீங்களா?" என்றாள்.

"சேந்துட்டேன். இன்னொரு வாட்டி சொல்லு."

"அதான் சொல்லிட்டேனே."

"அது இல்ல. அதுக்கு முன்னாடி சொன்னது." இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது. "ஊரே சொல்லுது அபிதா. கேட்டுக் கேட்டு, வேற எவனோ ஒருத்தன் பேரு மாதிரி ஆயிடுச்சு. நேத்து நீ சொன்னப்பதான் என் பேரு மாதிரி இருந்தது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூடம் நிறைய ஆட்கள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள். அவர் மூச்சு விடுவது கேட்டது. தறிக்கும் சமையல்கட்டுக்கும் இருந்த தூரம்தான் இருப்பதுபோல இருந்தது.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?" என்று நடுவில் ஆபரேட்டர் கேட்டாள்.

"நீட்டும்மா" என்றார் அவர் அங்கிருந்து.

"வீட்டுக்கு வாங்க," என்றாள் அபிதகுசாம்பாள். "வந்தா சொல்றேன்."