சஹனுக்கு மேலே சீலைக்கூரை

ஹந்தானைச் சரிவில் காற்று எழும்பியதிலிருந்து எல்லோரும் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டுச் சோறு ஜஹானாவுக்கு இறங்கவில்லை. ஒரு கீறல் விழாமல் திருப்பித் தருவேன் என்று வாக்குக் கொடுத்து தன் அண்ணனான நானாவின், தங்கிப் பயணம் போகும் கெம்பர் வேனை வாங்கி வந்தவள் அவள்தான். நாளைக் காலை அதில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பயணம் போக இருந்தது. வேனின் பக்கத்தில் இழுத்து விரித்திருந்த சீலைக்கூரையோ உப்பி உப்பி அடங்கியது. தாங்கிய கம்பிகள் கிறீச்சிட்டன.

"காத்து கூடிட்டு வருது. சுருட்டுங்களேன்."

அவள் புருஷன் முனாபுக்குக் கலியாணப் பந்தல் போடுவதே தொழில். கூரையின் மூலைகளைக் கயிற்றால் முளைகளில் இறுக்கிக் கட்டியிருந்தான்.

"நான் கட்டின பந்தல் எது விழுந்தீக்கி?"

"கலியாணப் பந்தல்ல காத்துப் போக நாலு பக்கமும் வழி ஈக்கி. இங்க ஒரு பக்கம் வேன்."

"சஹன்ல சனம் கை வெச்ச பொறகு பந்தலப் பிரிச்சா, எழும்பிப் போங்கன்னு செல்ற மாதிரி."

ஒரே தட்டைச் சுற்றியிருந்த மாமியும் மூன்று மதினிமாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பி ஒன்று வளையத் தொடங்கியது.

ஜஹானா எழும்பி, சோற்றுக் கையோடேயே சஹனைத் தூக்கி வேனுக்குள் கொண்டுபோய் வைத்தாள். நால்வரும் கையை ஏந்தியபடி பின்னாலேயே ஏறினார்கள்.

"உம்மா, இவள்ட வேலயப் பாருங்களே" என்றான் முனாப்.

"பந்தலுக்குக் கீழ இப்ப ஆரு ஈக்கிறா? சுருட்டிட்டு வா, கோழி முடிய முதல்" என்றாள் மாமி.

முனாப் முடிச்சுகளை அவிழ்த்தான். கம்பி தானாக நிமிர்ந்தது. கூரை முழுதாகச் சுருண்டு உள்ளே போகும்வரை ஜஹானா வேன் வாசலிலேயே நின்றாள்.