கிளப்பிலிருந்து வந்த ஆம்ப்ளி

செங்குட்டுவன் மெயின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆம்ப்ளியின் முதுகுப்பலகையைக் கழற்றினான். பெரிய கெப்பாசிட்டரின் மேல் ஒரு பல்பின் இரண்டு ஒயர்களையும் வைத்தான். பல்பு ஒருமுறை மின்னி அணைந்தது. உள்ளே தேங்கியிருந்த கரண்ட் இறங்கிவிட்டது, இனிமேல் கை வைக்கலாம். முந்தின நாள் கரகரத்த கண்ணாடி வால்வைக் கழற்றி, கால்களைத் துடைத்து மறுபடி குழியில் அழுத்தினான்.

மூடிப்போன ஒரு கிளப்பின் உடைசல் நாற்காலிகளோடு ராயபுரம் பழைய சாமான் கடைக்கு வந்த பெட்டி அது. கிடாரின் ஒலியைப் பெருக்க வெளிநாட்டில் செய்த ஆம்ப்ளிஃபயர். உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. "ஏல, இந்தப் பொணத்த நீயே தூக்கிட்டுப் போ, எடத்த அடைக்கு" என்று தள்ளிவிட்டவர் முதலாளி சுடலைராஜ்தான். கடைவேலை முடிந்த பிறகு செங்குட்டுவன் அதைப் பிரித்துப் போட்டான். எரிந்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் புதுக் கம்பி சுற்றினான். ஸ்பீக்கரின் கிழிசலை மெல்லிய காகிதமும் பசையும் வைத்து ஒட்டினான். வால்வுகளைச் சாத்தாங்காட்டுப் பழைய இரும்புச் சந்தையில், இடித்த தியேட்டர் ஒன்றின் சாமான்களுக்குள் தேடி எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை புளியந்தோப்பில் அவனுடைய பாட்டுக் குழுவுக்குக் கச்சேரி. இதைத்தான் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான்.

சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் மெல்லச் சிவந்தன. கிடாரில் ஒரு தந்தியைத் தட்டினான். வெளியே போன கன்டெய்னர் லாரியின் இரைச்சலை மீறி ஒலி எழுந்து நின்றது.

"பெட்டிய இங்கனயே வை. ஆள் வாராவ" என்றார் சுடலைராஜ். அவருடைய மச்சினன் ஜோபின், முந்தின நாள் இது பாடுவதை வீடியோ எடுத்துப் போட்டிருந்தான். நீலாங்கரையில் ஒலிப்பதிவு ஸ்டூடியோ வைத்திருப்பவர் ஒருவர் உடனே விலைக்குக் கேட்டுவிட்டார்.

"இன்னா அண்ணாச்சி, நீதான எட்துகினு போன்னு சொன்ன?"

"குப்பையத்தான் கொடுத்தேன். ஏல, இது குப்பையா?"

"நீ குப்பைன்னு தூக்கிக் கடாசுன. நான் ரெடி பண்ணேன். அப்பால இன்னா?"

ஜோபின் சிரித்தான். "சாவு வீட்டுல டப்பா தட்டுத பயலுக்கு ஃபாரின் ஆம்ப்ளி கேக்கு."

செங்குட்டுவன் சுவிட்சை அணைத்தான். ஒயரைச் சுருட்டினான். கிடாரை முதுகில் மாட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். ஜோபின் முந்திப்போய் ஷட்டரைக் கீழே இழுத்தான். செங்குட்டுவன் பெட்டியை வைத்துவிட்டு இடது கையால் ஷட்டரின் அடியைப் பிடித்தான். ஜோபின் முழு உடம்போடு அதில் தொங்கினான். விரல்கள் ஷட்டருக்கும் படிக்கல்லுக்கும் நடுவே சிக்கின. எலும்பு முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

சுடலைராஜ்தான் ஷட்டரைச் சற்றுத் தூக்கிக் கையை எடுத்துவிட்டார். அப்படியே காதோடு சேர்த்து அறைந்தார். செங்குட்டுவன் வலது கையால் அவர் கழுத்தைப் பிடித்தான். பின்னாலிருந்து ஜோபின், வேலை மேசையில் அணைக்காமல் கிடந்த, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பை அவன் பிடரியில் வைத்தான். தோல் கருகும் வாசனை வந்தது. பிடி விட்டதும் இடுப்பில் ஓர் உதை. செங்குட்டுவன் பெட்டியின் முகப்பில் போய் விழுந்தான். உடைந்த பல்லிலிருந்து ரத்தம் ஸ்பீக்கர் துணியில் இறங்கியது.

"திருட்டுக் கேசு கொடுத்தேம்னு வையி" என்றார் சுடலைராஜ், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒன் தெருப் பேரச் சொன்னா போதும். ஸ்டேஷன்ல ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டான். வாரவருக்கு வாசிச்சுக் காட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."

ஜோபின் ஈரத்துணியால் முகப்பைத் துடைத்தான். சிவப்பு பரவிப் பழுப்பானது.

ஷட்டரைத் திறந்து வைத்திருந்தார்கள். ஸ்டூடியோவிலிருந்து வந்தவர் பெயர் திருமுருகன். பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுடலைராஜ் சாடை காட்டினார். இடது கையைத் துண்டில் சுற்றி மடியில் போட்டிருந்த செங்குட்டுவன், வலது கையால் வெறும் தந்திகளை மட்டும் தட்டினான். திருமுருகன் கண்ணை மூடிக் கேட்டார்.

"சும்மா தட்டுனதுக்கே இப்படிப் பேசுது! யார் சரி பண்ணாங்க?"

"நம்ம கடையிலதான் சார்" என்றார் சுடலைராஜ்.

அவர் முகப்புத் துணியைத் தடவினார். "இது என்ன கறை?"

"கிளப்புல ஒயின் சிந்தியிருப்பானுவ சார். அந்தக் காலத்துக் கறை, தொடச்சும் போகல. வேணும்னா துணிய மாத்திரலாம்."

"ஐயோ, தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும். இதுதான் இதுக்கு அழகு."

ஈரமான விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார். கறை நன்றாகத் தெரியும்படி குனிந்தார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோங்க."

செங்குட்டுவன் படத்தில் விழாதபடி தள்ளி உட்கார்ந்தான்.