முழம் என்றால் முழம்

உலகத்தில் விலை என்று ஒன்று கிடையவே கிடையாது, பேராசைதான் உண்டு. மனித குலம் இத்தனை நூற்றாண்டுகளாகக் கவனிக்கத் தவறிய இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் இளவரசன், எம்.ஏ. பொருளாதாரம், முதலாண்டு.

"வரத்து, தேவை, அந்த ரெண்டு கோடு... எல்லாம் திருடனுக்குத் தைச்சுக் குடுத்த சட்டை மச்சான்," என்பான் நண்பன் ஜோஸிடம். வகுப்பில் அந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியைப் பேராசிரியர் காட்டும்போதெல்லாம் அவனுக்கு அங்கே யமுனா அக்காவின் மூக்குத்திதான் தெரிந்தது.

யமுனா அக்கா ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருப்பவர். போன தை மாதம், இளவரசனுடன் பிறந்த மூத்தவள் தமிழ்மணிக்கு நிச்சயதார்த்தம். அன்று காலை பூ வாங்கப் போனால், முந்தின வாரம் முழம் இருபதுக்குக் கொடுத்த மல்லியை எண்பது என்றார். அதுவும் முழு முழம் இல்லை. முழங்கையில் தொடங்கி நடுவிரல் நுனிவரை போக வேண்டிய சரம், விரல்கள் மடங்கிக்கொள்ள, பாதி உள்ளங்கையோடு நின்றுவிட்டது.

"என்னக்கா, கை போன வாரம் நீளமா இருந்துச்சே. துவைச்சதுல சுருங்கிடுச்சா?"

"பனிக்காலம் தம்பி. எல்லாந்தான் சுருங்கும். வேணுமா, வேணாமா? முகூர்த்த நாளு, பின்னால ஆள் நிக்கிது."

எண்பது கொடுக்கிறவன் கோழை என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்துவிட்டு நடந்தான். ஸ்ரீரங்கம் முழுக்கச் சுற்றினான். எல்லாக் கடையிலும் எண்பது. கோழையாகிவிடுவது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது, யமுனா அக்கா காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

தமிழ்மணி டிசம்பர் பூ வைத்துக்கொண்டு சபையில் உட்கார்ந்தாள். "பொண்ணுக்கு மல்லி ஒத்துக்காதா?" என்று மாப்பிள்ளையின் அம்மா மிகுந்த அன்போடு விசாரித்தார். தமிழ்மணி தலையைக் குனிந்துகொண்டாள். சரியாக அந்தக் கணத்தில் எடுத்த புகைப்படம்தான் நன்றாக வந்திருக்கிறது என்று பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார்கள். சாப்பிட உட்கார்ந்தால் நேர் எதிரே. கவளத்துக்குக் கவளம் இளவரசன் பழிவாங்க முடிவு செய்தான்.

திட்டம் எளிமையானது. எட்டரை கிராமத்தில் சித்தப்பா அடைக்கலத்துக்கு மல்லித் தோட்டம் உண்டு. சித்திரையில் அங்கே போய், வருஷம் முழுக்க ஒரே விலைக்குப் பூவையெல்லாம் எனக்கே கொடுங்கள் என்று கேட்டான். சித்திரையில் பூ கொட்டிக் கிடக்கும். விற்கிற காசு பறிகூலிக்குக் கட்டாது. சித்தப்பா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

யமுனா அக்காவின் கடையை ஒட்டினாற்போல் ஒரு மேசை போட்டான். அம்மா சரம் தொடுத்துக் கொடுப்பார். காலையில் கல்லூரிக்குப் போகும்வரை இவன் விற்பான். தலைக்குமேல் ஒரு பலகை: 'எல்லோருக்கும் எல்லா நாளும் ஒரே விலை. முழம் முப்பது. முழம் என்றால் முழம்.'

அன்றைக்குப் பக்கத்தில் முழம் பத்து.

யமுனா அக்கா பலகையை நிதானமாகப் படித்தார். "கையெழுத்து அழகா இருக்கு தம்பி," என்றார்.

கோடை முழுக்க ஜனங்கள் இவனிடம் பலகையைப் படித்துவிட்டு அவரிடம் பூ வாங்கினார்கள். மிஞ்சியதை அம்மா தெருவுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தார். அந்தத் தெருவில் மாடுகூட மல்லி மணத்தது.

"நஷ்டம்டா," என்றான் ஜோஸ்.

"முதலீடு. தை வரட்டும். அந்தக்கா வாங்க ஆளில்லாம ஈ ஓட்டணும். நான் கூடையைக் கவுத்துப் போட்டு டீ குடிக்கணும். அவங்க பாக்கப் பாக்க."

தை வந்தது. பனி கொட்டியது. சித்தப்பா வாக்கு மாறவில்லை, செடி மாறிவிட்டது. மூட்டையாக வந்த பூ ஒரு பையாக வந்தது. முதல் முகூர்த்த நாளன்று பக்கத்தில் எண்பது, இங்கே முப்பது. வெளுக்கும்போதே வரிசை தெருத் திருப்பம்வரை போயிற்று. இளவரசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வரிசையில் முதல் ஆள் யமுனா அக்கா.

"அம்புட்டையும் குடுங்க தம்பி."

"உங்களுக்கா?"

"எல்லோருக்கும்னுதான போட்டிருக்கீங்க?"

அவன் பலகையைப் பார்த்தான். எழுத்து அழகாகத்தான் இருந்தது. கை வலிக்க வலிக்க, விரல் நுனிவரை, நேர்மையாக அளந்து கொடுத்தான். யமுனா அக்கா அதை நாலடி தள்ளி வைத்து, தன் கையால் மறுபடி அளந்து, எண்பதுக்கு விற்றார். இவனுடைய ஒரு முழம் அவர் கையில் ஒன்றரை முழமாக வளர்ந்தது. வரிசையும் கலையாமல் நாலடி நகர்ந்துகொண்டது.

"மச்சான், ஒரு சின்ன டவுட்டு," என்றான் ஜோஸ். "பழிவாங்குறது நீயா, அந்தக்காவா?"

அடுத்த முகூர்த்தத்துக்கு, 'ஆளுக்கு ஒரு முழம்' என்று பலகையில் சேர்த்தான். இம்முறை வரிசை இன்னும் நீளம். விலை மலிவு என்று கேள்விப்பட்டு, பூ வைத்துப் பழக்கமே இல்லாதவர்கள்கூட நின்றார்கள். மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஓர் அம்மாள் முன்னால் வருவதற்குள் பை காலி. பக்கத்துக் கடையிலும் கூடை கவிழ்ந்திருந்தது.

"எம்பொண்ணுக்கு இன்னிக்கு நிச்சயம் தம்பி. நூறு ரூபாகூடத் தரேன்."

"இல்லம்மா. பூவே இல்ல."

"எனக்கு முன்னாடி நின்ன புள்ள காலேஜுக்கு வெச்சுக்கிட்டுப் போவுது. சும்மா, வெல கம்மியா இருக்குன்னு வாங்குனேங்குது." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒரு சாண் இருந்தாக்கூடப் போதும் தம்பி. தலையில வெள்ளையா ஏதாச்சும் தெரிஞ்சா போதும்."

இளவரசன் பையை உதறிக் காட்டினான். அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் டிசம்பர் பூ விற்கிற கிழவரை நோக்கிப் போனார்.

இரவு சாப்பிட உட்கார்ந்தான். எதிரே தமிழ்மணி தலைகுனிந்திருந்தாள். இத்தனை நாளும் அந்தப் படத்தில் அவனுக்கு யமுனா அக்காதான் தெரிந்தார். அன்றைக்கு வேறு யாரோ தெரிந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான்.

அடுத்த முகூர்த்தமும் வந்தது. பை அதே பை. வரிசை அதே வரிசை. பலகையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாற்றினால் யமுனா அக்கா படிப்பார். முதல் ஆளுக்கு விரல் நுனிவரை அளந்தான். நிமிர்ந்து வரிசையின் வாலைப் பார்த்தான். அங்கே மஞ்சள் பையோடு யார் யாரோ நின்றிருந்தார்கள். இரண்டாவது ஆளுக்கு அளக்கும்போது நடுவிரல் தானாக மடங்கிக்கொண்டது.

"என்ன தம்பி, கை இம்புட்டுத்தானா?"

"பனிக்காலம்மா," என்றான், உதடு அசையாமல்.

நாலடி தள்ளி, யமுனா அக்கா வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளரை அப்படியே நிறுத்தினார். இளவரசன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மோதிர விரலையும் மடக்கிக்கொண்டு, அடுத்த ஆளுக்குச் சரத்தை எடுத்தான்.