பச்சைத் துணிக்குள் இருந்த முகம்

வயிற்றிலேயே பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் எப்படிப் பேசுவது, எதைப் பேசவே கூடாது என்று நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி, ஆஸ்பத்திரி மாடியில் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் படம் படமாகப் போட்டு விளக்கினார். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். அடுத்து, பேச வந்திருந்த டீச்சர் எழுந்தாள். இரண்டாம் வகுப்பைக் கட்டி மேய்க்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு கூட்டமா?

"பின்வரிசை, போனை உள்ள வைங்க," என்றாள். வைத்தார்கள்.

தன் கதையைச் சொன்னாள். நிறைமாதத்தில் துடிப்பு நின்றது. பெற்றாள். பொம்பளப் புள்ளை என்று மூக்கடைத்த ஒரு குரல் சொன்னது. தலையைத் தூக்குவதற்குள் பச்சைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். பார்த்தால் மறக்கக் கஷ்டமாகிவிடுமாம். மாமியார் முதல் பக்கத்து வீடு வரை அதற்கே தலையாட்டினார்கள். நல்ல நியாயம்தான் போங்கள்! பார்க்காததை எப்படி மறப்பது?

"நல்லதுன்னு நெனச்சு மறைக்காதீங்க. மனசு ஆறட்டும்னு பொய் சொல்லாதீங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு, பேசாம பக்கத்துல உக்காருங்க." எழுத வைத்தாள், ஒப்பிக்கவும் வைத்தாள். பழக்கதோஷம்.

இதற்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறாள். "இன்னும் எத்தனை பேருகிட்டதான் சொல்லி அழுவ, விட்டுத் தொலையேன்," என்பான் கணவன். கோபத்தில் இல்லை, தாங்க முடியாமல். அவனிடம்கூட அவள் உண்மையைச் சொன்னதில்லை. பாடம் நடத்தவா போகிறாள்? அன்று அந்த அறையில் இருந்தவள், குழந்தையின் முகத்தைப் பார்த்தவள், என்றாவது ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்க மாட்டாளா என்று தேடித்தான் போகிறாள்.

பிறகு ஒத்திகை. ஒருத்தி தாயாக மேஜைமேல் படுத்துக்கொண்டாள். நரை விழுந்த நர்ஸ் ஒருத்தி அவள் பக்கத்தில் போய், "மெதுவா மூச்சு விடும்மா, அவ்ளோதான்," என்றாள். மூக்கடைத்தாற்போல ஒரு குரல். டீச்சர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அதே குரல்.

சாப்பாட்டு இடைவேளையில், கை கழுவும் இடத்தில் அவளைப் பிடித்துவிட்டாள். அப்போது எங்கே வேலை என்று விசாரித்தாள். அதே ஆஸ்பத்திரி, அதே வருஷம், அதே பிரசவ அறை.

"பொம்பளப் புள்ளைன்னு சொன்னது நீங்கதான்."

நர்ஸ் முகத்தில் ஈயாடவில்லை. "நானாத்தான் இருக்கும் டீச்சர். அப்பல்லாம் சுத்தி எடுத்துட்டுப் போறது நான்தான்."

திட்டத் தோன்றவில்லை. இத்தனை காலம் சேர்த்துவைத்த வசவெல்லாம் எங்கே போனதோ!

"எப்படி இருந்தா? தலைநிறைய முடி இருந்துச்சா? யாரு ஜாடை?"

நர்ஸ் யோசித்தாள். சும்மா பாவனைக்கு இல்லை, நெற்றி சுருங்க, கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

"ஞாபகம் இல்ல டீச்சர். எத்தனையோ குழந்தைங்க."

"நல்லா யோசிங்கக்கா. மூக்கு, காது, ஏதாவது ஒண்ணு."

இல்லை என்று தலையாட்டினாள். தேடிக் கண்டுபிடித்தாயிற்று. பார்த்தவளே இவள்தான், இவளிடமும் அந்த முகம் இல்லை. இனி எந்த ஊரில், எந்தக் கூட்டத்தில், யாரைத் தேடுவது? டீச்சர் அவளுடைய ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப பொய்யாச்சும் சொல்லுங்க. என் ஜாடைன்னு சொல்லுங்கக்கா. நான் நம்பிக்கறேன்."

நர்ஸ் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். டீச்சரைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். காலையில் எழுதிக்கொண்டபடியே, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.