குடிப்பழக்கம் இல்லை

என் வீட்டுக்காரர் வங்கி வாசலில் காவல் நிற்கிறார். துப்பாக்கி அவருடைய சொந்தம். சொந்தமாக ஒன்று இருந்தால்தான் அந்த வேலையே கிடைக்கும் என்று கல்யாணமான மறு வருஷமே உரிமம் எடுத்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும்போது, இவருக்குக் குடிப்பழக்கம் இல்லை, வீட்டில் சண்டை சச்சரவு இல்லை என்று மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். மகராசி நான், நான்கு முறை போட்டிருக்கிறேன். நான்காவது முறை போட்டபோது அந்தக் கையிலேயே கட்டு இருந்தது.

வேலை போனால் சோற்றுக்கு எங்கே போவது என்றுதான் போட்டேன். புத்தி கெட்டவள்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்தார். எட்டாவது படிக்கும் மகள் டிவி சத்தத்தைக் குறைக்கவில்லையாம். துப்பாக்கியை எடுத்து அவள் நெற்றிக்கு நேரே பிடித்தார். பிள்ளை நின்ற இடத்திலேயே உடையை நனைத்துக்கொண்டாள். சும்மா விளையாட்டுக்கு என்று அப்புறம் சிரித்தார். வேலையாவது மண்ணாங்கட்டியாவது என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து உரிம அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கோப்பைத் திறந்து என் நான்கு கையெழுத்தையும் காட்டினார்.

"இது நீங்க போட்டதுதானேம்மா?"

"நான்தான் போட்டேன். நாலும் பொய். அதுக்கு என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க சார். துப்பாக்கியை மட்டும் வாங்கி வச்சுக்கங்க."

ஒரு பக்கம் மட்டும் கேட்டு எழுத முடியாது, அவரையும் விசாரிக்க வேண்டும், அதுதான் முறை என்றார். சரி, நாளைக்கோ மறுநாளோ கூப்பிடுவார்கள், அதற்குள் பிள்ளையை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அந்தப் படுபாவி அங்கேயே போனை எடுத்துவிட்டார். உங்கள் வீட்டம்மா வந்து புகார் சொல்கிறார், கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியும் முடித்துவிட்டார். நான் எழுந்து தடுப்பதற்குள் எல்லாம் முடிந்தது.

வங்கியிலிருந்து அங்கே பத்து நிமிஷ நடை. அரை மணி நேரமாகியும் ஆள் வரவில்லை. குமாஸ்தா மறுபடி வங்கிக்குப் பேசினார். அவசரமாக வீட்டுக்குப் போகிறேன் என்று அப்போதே கிளம்பிவிட்டாராம்.

"துப்பாக்கியை அங்க வச்சுட்டுப் போனாரான்னு கேளுங்க."

கேட்டார். தோளில் மாட்டிக்கொண்டுதான் போனாராம். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மகளுக்குப் பரீட்சை நடக்கிறது. மத்தியானமே பள்ளி விட்டுவிடும். போனைப் பிடுங்கி வீட்டுக்குப் பேசினேன். அவள்தான் எடுத்தாள்.

"அப்பா வந்துட்டாரும்மா. நீ எங்க போனேன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்கிறாரு."